தராசு சொன்ன சரித்திரம்



சரித்திர ஆதாரங்கள் யாவை என்று தேர்வில் கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், யாத்திரிகர் குறிப்பு என்று நீங்கள் வரிசையாக எழுதுவீர்கள். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஆரணிப் பகுதியில் சரித்திர ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்த நானும் அப்படித்தான் எழுதக் கற்றுக்கொடுத்தேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஆதாரம் அந்த வரிசையில் இல்லை. பள்ளிக்கூடத்து அலமாரியின் அடித்தட்டில் தூசி படிந்து கிடக்கிறதே, மாணவர்களின் உயரமும் எடையும் எழுதிய பதிவேடு, அதுதான்.

ஆண்டுக்கொரு முறை உடற்பயிற்சி ஆசிரியர் தராசைக் கொண்டுவந்து முற்றத்தில் வைப்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி இறங்குவார்கள். ஒல்லியானவன் ஏறும்போது வரிசையில் சிரிப்பு எழும். வகுப்பாசிரியன் என்ற முறையில் நான் எண்ணை எழுதிக்கொள்வேன். அந்த எண்ணைச் சென்ற ஆண்டின் எண்ணோடு ஒட்டிப் பார்த்தேனா என்றால், இல்லை. எடை கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

1994-ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் ஒரே ஒரு குழித்தறி. தந்தை தறியில் அமர்வார், தாய் இராட்டையில் தார் சுற்றுவார். பதினொரு வயதில் அவன் எடை 22 கிலோ. சட்டை தோளில் நில்லாது. பத்தாம் வகுப்பு முடிக்கும்போது அவனே 60 கிலோவை எட்டியிருந்தான். உயரம் அந்த அளவுக்கு ஏறவில்லை. கன்னமும் வயிறும் ஏறின. குடும்பத்துக்கும் அப்போது சற்று நல்ல காலம். பிரிவுபசார விழாவன்று எல்லார் முன்னிலையிலும் அவன் தோளைத் தட்டி, "இப்போதுதானப்பா நீ ஆளாகியிருக்கிறாய்!" என்று சொன்னேன். கைதட்டினார்கள்.

2014-இல் அவன் என் வீட்டுக்கு வந்தான். ஒரு பட்டு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன், வயது 31. கையில் இரத்தப் பரிசோதனைச் சீட்டு. "ஐயா, எங்கள் அப்பாவுக்கு இந்த நோய் இல்லை. தாத்தாவுக்கும் இல்லை. எனக்கு இந்த வயதிலேயே சர்க்கரை என்கிறார்களே! பள்ளியை விட்டுப் போகும்போது உடம்பு நன்றாகத்தானே இருந்தது? நீங்கள்கூட மேடையில் சொன்னீர்களே" என்றான். அவன் என்னைக் குற்றம் கூறவில்லை. ஆயினும் அது எனக்குக் குற்றச்சாட்டாகவே பட்டது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய காலத்தில், என் பாடமல்லாத பாடத்தை நான் படிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். உயிரியல் மாணவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். நாம் உண்ணும் சோறும் களியும் இட்டிலியும் குடலில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. வயிற்றின் பின்புறத்தில் உள்ள கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலினின் ஏவலால் தசைகள் சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. இங்கே தசை என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்குப்பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் அதுவே. தசை குறைந்தாலும், இன்சுலினின் ஏவலை உடம்பு சரிவரக் கேளாவிட்டாலும், கணையம் களைத்துப்போனாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். இதை அறிய ஒரு சோதனை உண்டு. வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்ப்பார்கள். 200 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு. 140-க்கும் 200-க்கும் இடைப்பட்டால் நீரிழிவின் வாயிற்படியில் நிற்கிறோம் என்று பொருள். 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர்.

இந்த நோய் பரம்பரையால் வருவது, உண்டு கொழுப்பதால் வருவது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1962-இல் ஜேம்ஸ் நீல் என்ற அமெரிக்கர், பஞ்ச காலத்தில் பிழைத்திருக்க உதவிய சிக்கனமான மரபணுக்களே நிறைந்த சோறு கிடைக்கும் காலத்தில் நோயைத் தருகின்றன என்று கருத்துரைத்தார். கேட்க அழகான கருத்து. ஆனால் என் மாணவனின் கேள்விக்கு அது விடையாகாது. அதே பரம்பரையில் வந்த தந்தைக்கு ஏன் வரவில்லை?

விடை தேடிச் சென்றவர்களுக்கு வழி காட்டியது ஒரு பழைய கணக்குப் புத்தகம். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்னும் மாவட்டத்தில் 1911 முதல் எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற அம்மையார் மருத்துவச்சிகளுக்குத் தலைமை தாங்கினார். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்து எழுதவேண்டும். ஓராண்டு நிறையும்போது மறுபடியும் நிறுத்து எழுதவேண்டும். தாய்ப்பாலா, புட்டிப்பாலா என்பதையும் குறிக்கவேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய முறை. மழையிலும் பனியிலும் சைக்கிளில் போய் அந்தச் செவிலியர் நிறுத்தார்கள். எழுதிய பேரேடுகள் எழுபது ஆண்டுகளுக்குப் பின் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் கைக்குக் கிடைத்தன. அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் இப்போது கிழவர்கள். அவர்களைத் தேடிப்பிடித்துக் குளுக்கோஸ் சோதனை செய்தார்கள். பிறந்தபோதும் ஓராண்டிலும் எடை குறைந்திருந்தவர்களிடையே நீரிழிவும் அதன் முன்னிலையும் மிகுந்திருந்தன. 1991-இல் இது வெளியாயிற்று. மறு ஆண்டு பார்க்கரும் ஹேல்ஸ் என்ற அறிஞரும் நீலின் கருத்தைத் திருப்பிப் போட்டார்கள். சிக்கனம் மரபணுவில் மட்டும் இல்லை, கருவிலேயே உடம்பு அதைக் கற்றுக்கொள்கிறது என்றார்கள். கருப்பையில் உணவு போதாதபோது மூளையைக் காப்பதற்காக உடம்பு மற்ற உறுப்புகளில் செட்டுப் பிடிக்கிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களும் தசையும் அந்தச் செட்டுக்கு இலக்காகின்றன. வறுமைக்கென்று அமைந்த உடம்பு வறுமையிலேயே வாழ்ந்தால் பெரிய தொல்லை இல்லை. பின்னாளில் உணவு மிகுந்தால்தான் கணக்கு உதைக்கிறது.

இங்கே சற்று நின்று, என் தவறொன்றைச் சொல்லவேண்டும். தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் அழைத்த 1876–78 பஞ்சத்தைப் பற்றி நான் ஆண்டுதோறும் பாடம் நடத்தியிருக்கிறேன். ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி 1877-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, நிவாரண வேலை செய்யும் ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்ததையும், மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அது உயிர் தரிக்கப் போதாது என்று வாதாடியதையும், பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டதையும் விரிவாகச் சொல்வேன். எங்கள் வட ஆர்க்காட்டுப் பகுதியும் அந்தப் பஞ்சத்தில் அடிபட்டது. ஆனால் 1878-இல் மழை பெய்து பஞ்சம் தீர்ந்ததும் என் பாடமும் தீர்ந்துவிடும். அடுத்த மணிக்குக் கணக்கு ஆசிரியர் வந்துவிடுவார். பஞ்சத்தில் கருவுற்ற தாயின் வயிற்றில் இருந்த குழந்தைக்கு ஐம்பது வயதாகும்போது என்ன நேரும் என்று ஒரு மாணவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நெதர்லாந்து நாட்டவர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானியரின் தடையால் அந்நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு வரவில்லை. ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒருவருக்குரிய பங்கீடு நாளுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கிற்று. 1945 மே மாதத்தில் விடுதலை வந்ததும் உணவும் வந்தது. இப்படித் தொடக்கமும் முடிவும் தெளிவாகத் தெரிந்த பஞ்சம் சரித்திரத்தில் அரிது. அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிரசவக் குறிப்புகள் பத்திரமாக இருந்தன. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அக்குழந்தைகளை அழைத்துச் சோதித்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். கருவின் நடுப்பகுதியிலோ கடைசி மாதங்களிலோ பஞ்சத்துக்கு ஆளானவர்களுக்கு, முன்பு பிறந்தவர்களையும் பின்பு கருவானவர்களையும் விடச் சர்க்கரை மிகுதி. அவர்களிலும், வளர்ந்தபின் பருத்தவர்களுக்கே எல்லாரினும் மிகுதி.

ஐரோப்பியரைப் பற்றிய இந்தச் செய்திகளைப் படித்தபோதும் எனக்கு முழுத் திருப்தி ஏற்படவில்லை. என் மாணவன் போரிலும் பஞ்சத்திலும் பிறந்தவன் அல்லன். எங்கள் தெருக்களில் நடக்கிற காரியம் வேறு. மெல்ல மெல்ல நடக்கிற காரியம். அதற்குரிய பதிவேடு எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். மருத்துவ நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "வடக்கே நாற்பது கிலோமீட்டர் போங்கள்" என்றார்.

வேலூரைத்தான் சொன்னார். 1969 முதல் 1973 வரை, வேலூர் நகரத்திலும் அதனை அடுத்த கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் வீடு வீடாகச் சென்று அளந்து எழுதியிருக்கிறார்கள். பிறந்தபோதும், சிறு பிள்ளையாக இருந்தபோதும், வளரிளம் பருவத்திலும் அளந்தார்கள். மகப்பேற்றை ஆராய்வதற்காகத் தொடங்கிய வேலை அது. நீரிழிவை அவர்கள் மனத்தில் கொள்ளவில்லை. அந்த ஆண்டுகளில் நானும் அந்தக் குழந்தைகளுக்குச் சற்று மூத்த பள்ளிச் சிறுவன். மதிய உணவு மணி அடித்ததும் அலுமினியத் தட்டுடன் ஓடி, கோதுமை ரவை உப்புமாவுக்காக வரிசையில் நின்றவன். ஆகையால் அந்தப் பதிவேட்டில் என் பெயர் இல்லாவிட்டாலும் என் தலைமுறை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குழந்தைகள் வளர்ந்து, சராசரி 28 வயதாக இருந்தபோது, 2218 பேரை மறுபடியும் கண்டு குளுக்கோஸ் சோதனை செய்தார்கள். 62 பேருக்கு நீரிழிவு. 362 பேர் வாயிற்படியில் நின்றார்கள். இருபத்தெட்டு வயதில்! நூற்றுக்குப் பத்தொன்பது பேர்! யார் அவர்கள்? குண்டுக் குழந்தைகளாக இருந்தவர்கள் அல்லர். சிறு பிள்ளையாக இருந்தபோது உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமல் மெலிந்திருந்து, அப்புறம் பிள்ளைப் பருவத்துக்கும் வாலிபத்துக்கும் இடையில் மற்றவர்களைவிட வேகமாகப் பருத்தவர்களே மிகுதி. பிறப்பெடையை மட்டும் எடுத்துக்கொண்டால் நேரான தொடர்பு தெரியவில்லை. ஆனால் இன்று ஒரே பருமனாக இருக்கும் இருவரை ஒப்பிட்டால், பிறந்தபோது எடை குறைந்திருந்தவனுக்கே ஆபத்து மிகுதி.

இதற்கு முன்பே, 2004-இல், டில்லியிலிருந்தும் இத்தகைய செய்தி வந்திருந்தது. தெற்கு டில்லியில் 1969–72 ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளை ஆறு மாதத்துக்கொரு முறை அளந்து வந்தவர் டாக்டர் சந்தோஷ் பார்கவா. அவர்களில் 1492 பேரை 26 முதல் 32 வயதுக்குள் சோதித்தார்கள். நோய்வாய்ப்பட்டவர்கள் இரண்டு வயதுவரை மெலிந்திருந்தார்கள். அதன்பின் அவர்களுடைய எடைக் கோடு சீக்கிரமாக மேல்நோக்கித் திரும்பி ஏறிக்கொண்டே போயிற்று. இனி நான் சொல்வதைக் கவனியுங்கள்: அவர்களில் ஒருவர்கூடப் பன்னிரண்டு வயதில் மருத்துவ இலக்கணப்படி பருமனானவர் அல்லர். எந்தப் பள்ளித் தராசில் ஏற்றினாலும், "சரியாக இருக்கிறான்" என்றே ஆசிரியர் எழுதியிருப்பார். கோடு எங்கே நிற்கிறது என்பதைத்தான் நாம் பார்த்தோம். எவ்வளவு செங்குத்தாக ஏறி வந்தது என்பதைப் பார்க்கவில்லை. நான் மேடையில் தோளைத் தட்டியது அந்தச் செங்குத்தை!

ஏன் இவ்வாறு நேர்கிறது? இதற்குப் புனே நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் ஒரு விளக்கம் கண்டார். புனேக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் 1993 முதல் தாய்மாரையும் குழந்தைகளையும் ஆராய்ந்தார். அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ; ஆங்கிலக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும், நம் குழந்தைகளுக்குத் தோலின் கீழுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. ஒல்லியான உடம்பில் ஒளிந்த கொழுப்பு! யாஜ்னிக் தம் ஆங்கில நண்பர் டாக்டர் யட்கினுடன் நின்று எடுத்த படமொன்றை 2004-இல் வெளியிட்டார். உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்வைக்கு இருவரும் சமமே.

மெலிந்த குழந்தை ஐந்தாறு வயதுக்குமேல் திடீரெனப் பருக்கும்போது, கருவிலும் கைக்குழந்தைப் பருவத்திலும் விட்டுப்போன தசை முழுவதும் திரும்ப வருவதில்லை. கூடும் எடையில் பெரும்பங்கு கொழுப்பாகி வயிற்றைச் சுற்றித் தங்குகிறது. அக்கொழுப்பு இன்சுலினின் ஏவலை மழுங்கச் செய்கிறது. கணையம் மேலும் மேலும் சுரந்து பார்க்கிறது. அதன் அணுக்களோ தொடக்கத்திலேயே குறைவாக அமைந்தவை. இருபது ஆண்டுகள் இழுத்துப் பிடித்துக் கடைசியில் கைவிடுகிறது. என் மாணவனின் தந்தைக்கு இளமையில் இதே மெலிவு இருந்தது. ஆனால் பின்னால் அந்தப் பருமன் வரவில்லை. நாள் முழுவதும் மிதியை மிதித்து நாடாவை ஓட்டிய கால்களுக்கும் கைகளுக்கும் சர்க்கரை செலவாயிற்று. மகனுக்குக் கடையில் மெத்தை, பேரேடு, மணிக்கொரு தரம் சர்க்கரை போட்ட தேநீர்.

ஆரணிக்காரனாகிய எனக்கு உடனே பாவு நினைவுக்கு வந்தது. விடியற்காலையில் எங்கள் தெருக்களில் பாவு நீட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பாவில் இரண்டு மூன்று புடவை வரும். பாவில் இழை தளர்ந்திருந்தால், ஊடையில் எத்தனை ஜரிகை ஏற்றினாலும் துணி நேராக விழாது. இந்த உவமையை ஒருமுறை மருத்துவ நண்பரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "உடம்பு துணியன்று, உவமை பாதிதான் சரி" என்று சொல்லிச் சென்னையில் நடந்த ஆய்வொன்றைக் காட்டினார். நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேரை டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் முற்றியது. நடையும் உணவும் திருத்தப்பட்டவர்களில் அது 39-ஆகக் குறைந்தது. 2006-இல் வெளியானது. தளர்ந்த பாவிலும் ஓரளவு சரிசெய்துகொள்ள உடம்புக்கு வழியிருக்கிறது. உவமை சொல்லும் ஆசிரியர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும், நான் முதலில்.

இனி ஒரு விபரீதமான முடிவுக்கு நீங்கள் போய்விடக்கூடாது. "மெலிந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டதுதான் தவறோ?" என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டியும், 1956-இல் காமராசர் ஆட்சியில் பரவிய மதிய உணவும், 1982 ஜூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவும், 2022-இல் வந்த காலை உணவும் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்திராத பிள்ளைகளை நான் பெயர் பெயராக அறிவேன். பசியோடு இருப்பவனுக்கு எழுத்து ஏறாது. அந்தச் சோற்றால் வந்த பருமனும் அன்று இது. என் மாணவன் பருத்தது சத்துணவால் அன்று. பள்ளி விட்டதும் கடைவீதியில் வாங்கிய வறுவலும் இனிப்பும், விளையாட்டு மணியைக் கணக்குத் தேர்வுக்குப் பறித்துக்கொண்ட எங்கள் கால அட்டவணையும் சேர்ந்து செய்தவை அவை. அட்டவணை எழுதிய கைகளில் ஒன்று என்னுடையது.

சோறு எப்போது போய்ச் சேரவேண்டும் என்பதே கேள்வி. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் பதிவேடுகளை ஒன்றுசேர்த்து 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் நன்றாக வளர்ந்த குழந்தைகள் பின்னாளில் உயரமாகவும், கூடுதலாகப் படித்தவர்களாகவும் இருந்தார்கள். அதற்குப் பின், உயரத்தை மிஞ்சி ஏறும் எடையால் அத்தகைய ஆதாயம் அதிகம் இல்லை, பருமனே மிச்சம். அப்படியானால் உணவு முதலில் சேரவேண்டிய இடம் தாயின் இலை. எங்கள் நெசவுத் தெருக்களில் அந்த இலையை நான் பார்த்திருக்கிறேன். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் போட்டது போக, அடிச்சட்டியில் இருப்பதைக் கர்ப்பிணிப் பெண் உண்பாள். எழுந்து மறுபடியும் இராட்டைக்குப் போவாள். கண்டு பரிதாபப்பட்டிருக்கிறேன், அதைப் பிள்ளைகளின் கல்வியோடு சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

தாய் மிகுதியாகப் பருத்தாலும் நன்மையில்லை என்பதை மைசூர் காட்டியது. அங்கு ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் பிறந்தவர்களின் குறிப்புகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, எடை மிகுந்த தாய்மாருக்குக் குட்டையாகவும் கொழுகொழுவென்றும் பிறந்தவர்களிடையே நீரிழிவு மிகுந்திருந்தது. கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால், அது குழந்தையையும் சென்று தாக்குகிறது. மெலிந்து பிறந்த பெண் குழந்தை பின்னர்ப் பருத்து, சர்க்கரையோடு தாயாகும்போது, கணக்கு அடுத்த தலைமுறைக்கு மாறிவிடுகிறது.

நம் நாட்டில் இதை முன்கூட்டியே ஓரளவு உணர்ந்து செய்த காரியமும் ஒன்று உண்டு, அதிகம் பேசப்படாதது. 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைச் சொல்கிறேன். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் உணவு என்றில்லாமல், எடை ஏறாமல் நின்றுபோன குழந்தையைக் கண்டுபிடித்து அதற்கு உருண்டை கொடுத்தார்கள். கோடு மறுபடியும் ஏறியதும் நிறுத்திக்கொண்டார்கள். ஊர்ப்பெண்களே ஊழியர்கள். அவர்கள் எண்ணைப் பார்க்கவில்லை, எண்ணின் போக்கைப் பார்த்தார்கள். இரண்டு பட்டம் பெற்ற எனக்குத் தெரியாதது, கிராமத்தில் தொங்குதராசைக் கையில் பிடித்த அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

சென்ற ஆண்டு என் மாணவன் மீண்டும் வந்தான். மாத்திரையும் நடையுமாகத் தன் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறான். உடன் இரண்டு வயது மகளையும், அங்கன்வாடியில் கொடுத்த வளர்ச்சி அட்டையையும் கொண்டுவந்தான். "ஐயா, குழந்தை இன்னும் கொழுகொழுவென்று ஆகவில்லையே என்று அம்மா தினமும் குறைப்படுகிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்" என்றான்.

அட்டையை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பிறப்பெடை 2.8 கிலோ. அங்கிருந்து ஒவ்வொரு மாதப் புள்ளியாக விரலை வைத்துக்கொண்டே வந்தேன். ஆறாம் மாதத்தில் காய்ச்சலால் ஒரு சரிவு. எட்டாம் மாதத்தில் மீட்சி. எடைக் கோடும் உயரக் கோடும் ஒன்றையொன்று விடாமல் ஏறிவந்திருந்தன. அவன் பொறுமையிழந்து, "என்ன ஐயா?" என்றான். இருபத்துநான்கு புள்ளிகளையும் பார்த்து முடித்த பிறகே, "நன்றாக வளர்கிறாள் என்று பாட்டியிடம் சொல்" என்றேன்.